அயர்ன் பாக்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம்: ஓம், வாட் கணக்கு போடுவது எப்படி

நம் ஊரில் கரண்ட் என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் பார்க்கிறது. கரண்ட் போச்சு, கரண்ட் பில், கரண்ட் கம்பம், கரண்ட் அடிச்சிருச்சு. அதனால்தான் "இந்த லைன்ல கரண்ட் எவ்வளவு?" என்று கேட்டால் பாதிப் பேர் 230 என்பார்கள். அது வோல்டேஜ். கரண்ட்டை ஆம்பியரில் சொல்ல வேண்டும், அதுவும் ஏதாவது ஒன்றை மாட்டி ஸ்விட்சைப் போட்டால்தான் ஓடும். வெறும் பிளக் பாயிண்டில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும், ஆம்பியர் பூஜ்யம். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

பாடப்புத்தகம் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்று சொல்லும். கணக்குப் போடும்போது அதே வரிசையில் வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்று அலகுகளின் பெயரையே வைத்துக்கொள்வது எனக்கு வசதி:

ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

அவ்வளவுதான். ஒரு அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் 1000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பாயிண்டில் அளந்து பார்த்தால் 228 வோல்ட், ஓடும் கரண்ட் 4.3 ஆம்பியர். 228-ஐ 4.3-ஆல் வகுத்தால் 53 ஓம். இரண்டையும் பெருக்கினால் 980 வாட். ஆயிரத்துக்கு 20 குறைகிறதே, ஏமாற்றிவிட்டானா என்றால் இல்லை, ஆயிரம் என்பது சரியாக 230 வோல்ட் கிடைக்கும்போது. நமக்குக் கிடைத்தது 228.

இரண்டு வரியையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பார்த்தால் இன்னும் இரண்டு வரி கிடைக்கும்:

வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்
வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

நாலையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, முதல் இரண்டு இருந்தால் மற்றதை நாமே வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் தப்பு நடப்பது சூத்திரத்தில் இல்லை. எந்த எண் அசையாமல் நிற்கிறது, எது அதற்கேற்ப மாறுகிறது என்று பார்க்காமல் கையில் இருக்கிற எண்ணைத் தூக்கிப் போடும்போதுதான் கணக்கு கவிழ்கிறது.

இதே அயர்ன் பாக்ஸைச் சாயங்காலம் லோ வோல்டேஜில், 180 வோல்ட்டில் போட்டால் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? நிறையப் பேர் 1000-ஐ 180-ஆல் வகுத்து 5.6 ஆம்பியர் என்பார்கள், "லோ வோல்டேஜ்ல கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்" என்று ஒரு விளக்கமும் சேர்த்து. தப்பு. அயர்ன் பாக்ஸுக்குள் இருப்பது நைக்ரோம் கம்பிச் சுருள். அதன் 53 ஓம்தான் அசையாமல் நிற்கும் எண், வாட் அல்ல. ஆக 180 ÷ 53 = 3.4 ஆம்பியர், 180 × 3.4 = 612 வாட். கரண்டும் குறைந்தது, சூடும் குறைந்தது, அதனால்தான் காட்டன் சட்டையின் சுருக்கம் போக அரை மணி நேரம் ஆகிறது. 1000 என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை ஒரு வாக்குறுதி போல எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

வோல்டேஜ் இருபது சதவீதம் சொச்சம் குறைந்ததற்கு வாட் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் இறங்கிவிட்டது, கவனித்தீர்களா? வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுவதுதான் காரணம். 230-இலிருந்து பத்து சதவீதம் கீழே, 207-இல், இதே பெட்டி 810 வாட்தான் தரும். பத்து சதவீதம் மேலே, 253-இல், 1210 வாட். ஒரே பெட்டி.

எது நிலையாக நிற்கிறது என்ற கேள்வி இந்த விதியைக் கண்டுபிடித்தவரையே படுத்தியிருக்கிறது. ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்துப் பேட்டரிகளின் வோல்டேஜ் போட்ட நேரத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வைத்து அளந்தால் எந்த விதியும் பிடிபடாது. அதனால் 1826-இல் பேட்டரியை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத ஒரு சின்ன வோல்டேஜை உண்டாக்கினார். அதன்பிறகுதான் எண்கள் ஒழுங்காக வந்தன. 1827-இல் வெளியிட்டார், சொந்த நாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது.

சரி, அளப்பது எப்படி?

வோல்டேஜ் அளப்பது சுலபம்: மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் 600 அல்லது 750 என்ற இடத்தில் திருப்பி, சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபேஸிலும் நியூட்ரலிலும் முனைகளை வைத்தால் போதும். கரண்ட் அளப்பதில்தான் விபரீதம். மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் என்று ஒரு துளை இருக்கும். அதில் சிவப்பு வயர் செருகியிருக்கும்போது மீட்டருக்குள் தடை ஏறக்குறைய பூஜ்யம். அப்படியே மறந்துபோய் பிளக் பாயிண்டில் வைத்தால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் இணைத்த மாதிரி, டமார். 230-ஐப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணால் வகுத்தால் என்ன வரும் என்று கணக்கே சொல்லிவிடும். வீட்டு லைனில் கரண்ட் பார்க்க வேண்டுமானால் கிளாம்ப் மீட்டர், அதாவது எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்வது, அதுதான் நல்லது. எதையும் அறுக்க வேண்டாம், வயரைச் சுற்றிக் கவ்வவிட்டால் போதும். ஒரே ஒரு விஷயம், ஃபேஸ் வயரை மட்டும் கவ்வ வேண்டும். அயர்ன் பாக்ஸின் முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மீட்டர் பூஜ்யம் காட்டும், நீங்கள் மீட்டர் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

ஓம் அளக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. 2000 வாட் கீசர் காயில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் இதே கணக்குதான், ஆனால் திருப்பிப் போட வேண்டும். 230 × 230 = 52,900. அதை 2000-ஆல் வகுத்தால் 26.45. காயிலின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் 26, 27 ஓம் வர வேண்டும். 'ஓஎல்' என்றோ இடது ஓரத்தில் வெறும் '1' என்றோ வந்தால் காயில் அறுந்துவிட்டது. இந்த 52,900 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் வெந்நீர் ராடு, ரொட்டி டோஸ்டர், எலக்ட்ரிக் குக்கர் எதுவானாலும் காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று நின்ற இடத்தில் சொல்லலாம். 1500 வாட் ராடுக்கு 35.

கையோடு இன்னொன்றும் பாருங்கள். ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையைக் கீசரின் உலோக உடம்பிலும் வைத்தால் எண்ணே வரக்கூடாது. 5000 ஓம் மாதிரி ஏதாவது காட்டினால் கசிவு: 230 ÷ 5000 = 0.046 ஆம்பியர், அதாவது 46 மில்லி ஆம்பியர். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டும் ஸ்விட்ச், இருந்தால் கீசர் போட்டவுடன் அது விழுவதற்குக் காரணம் இதுதான், ஆர்சிசிபி மேல் பழி போட்டு அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஈரக் கையோடு இருக்கும் மனித உடம்பின் தடை 1000 ஓம் வரை இறங்கலாம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர். உயிர் போகப் போதும்.

ஓம் மீட்டர் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்து அளந்தால் 60, 70 ஓம்தான் காட்டும். கணக்குப்படி 52,900 ÷ 60 = 882 ஓம் வர வேண்டும். இரண்டும் சரிதான்! டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அந்தச் சூட்டில் அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஸ்விட்ச் போட்ட அந்தக் கண நேரத்தில் மட்டும் அது குளிர்ந்த 60, 70 ஓமோடு நிற்பதால் மூன்று ஆம்பியருக்கு மேல் ஒரு வெட்டு வெட்டும். குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃப்யூஸ் போவது இதனால்தான். நைக்ரோம் அப்படி ஆட்டம் காட்டாது, சூடானாலும் சில சதவீதம்தான் ஏறும், அதனால்தான் ஹீட்டர் வகையறாவுக்கு அதைப் போடுகிறார்கள்.

மோட்டார் இன்னும் மோசம். வைண்டிங்கை, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பியை, அளந்தால் இரண்டோ மூன்றோ ஓம் வரும், 230 ÷ 3 = 77 ஆம்பியர் என்று பயந்துவிட வேண்டாம். மோட்டார் சுற்றும்போது அதற்குள்ளேயே எதிர் வோல்டேஜ் உண்டாகி வருகிற கரண்டைத் தள்ளிப் பிடிக்கிறது. சுற்றாமல் சிக்கிக்கொண்டால்தான் அது நிஜமாகவே தாறுமாறாக இழுத்துக் கருகிப்போகும். மோட்டாருக்கு வாட் கணக்கும் கொஞ்சம் மாறும்: வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு நிஜமான வாட் என்று சொல்லும் எண்). ஒரு எச்பி போர் மோட்டார் 220 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 1232 வாட். ஒரு எச்பி 746 வாட்தானே என்று கேட்பார்கள். 746 என்பது தண்டில் வெளியே வரும் வேலை, பில்லில் ஏறுவது உள்ளே போகும் 1232. மேலே நான் தப்பு என்று சொன்ன "லோ வோல்டேஜ்ல கரண்ட் ஜாஸ்தி" என்பது மோட்டாருக்கும் இன்வெர்ட்டர் ஏசிக்கும் உண்மைதான், ஏனென்றால் அங்கே அசையாமல் நிற்பது செய்ய வேண்டிய வேலை. தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும், வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டித்தான் சமாளிக்கும். 7 ஆம்பியர் 9 ஆனால் வைண்டிங்கின் சூடு 7 × 7 = 49 என்ற கணக்கிலிருந்து 9 × 9 = 81-க்கு ஏறும், ஒன்றரை மடங்குக்கும் மேல். சாயங்கால லோ வோல்டேஜில் மோட்டார் போடாதே என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஆம்பியரை இரண்டு முறை பெருக்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது ஒரு வாடகை வீட்டில். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர், பவர் பிளக்கில்தான் மாட்டியிருந்தது, எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழும் ஸ்விட்ச்) 16 ஆம்பியர், எல்லாம் முறைப்படி. ஆனாலும் ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை. பிடுங்கிப் பார்த்தால் பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி, சாக்கெட் உருகி வழிந்திருந்தது. எம்சிபி ஏன் விழவில்லை என்று அன்று எனக்குப் புரியவில்லை. கணக்குப் போட்டால் புரிகிறது. கீசர் 17.6 ஓம், சாக்கெட்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்து 0.2 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 17.8 ஓம், 230-ஐ வகுத்தால் 12.9 ஆம்பியர். முன்பு 13 ஓடியது, இப்போது இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, எம்சிபிக்கு எல்லாம் நலம். ஆனால் தளர்ந்த இடத்தில் மட்டும் 12.9 × 12.9 × 0.2 = 33 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடச் சூடான ஒன்றைச் சாக்கெட்டுக்குள் சொருகி வைத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொட்டுப் பார்த்துப் பிளக் சுடுகிறதென்றால் அங்கே ஒரு வேண்டாத ஓம் இருக்கிறது, ஸ்க்ரூவை முறுக்கச் சொல்லுங்கள் அல்லது சாக்கெட்டை மாற்றுங்கள்.

வயருக்கும் இதே கதைதான். ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.0175 ஓம். மெயின் போர்டிலிருந்து பாத்ரூம் 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர், ஆக 0.7 ஓம். (போக மட்டும் கணக்குப் போட்டுவிட்டு வருவதை மறப்பது எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு.) அந்த மெல்லிய வயரில் கீசரின் 13 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 9 வோல்ட் காணாமல் போகும், சுவருக்குள் 118 வாட் சூடு வீணாகும். இரண்டரை ஸ்கொயர் வயரில் 0.28 ஓம், மூன்றரை வோல்ட் சொச்சம், 47 வாட். வயர் விலையில் மிச்சம் பிடிப்பவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு.

இன்வெர்ட்டர் பேட்டரிப் பக்கம் வந்தால் எண்கள் இன்னும் திடுக்கிட வைக்கும். 400 வாட் சுமை 230 வோல்ட்டில் 1.7 ஆம்பியர்தான். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க 33 ஆம்பியர், இன்வெர்ட்டருக்குள் போகும் வீணையும் சேர்த்தால் 40-ஐத் தாண்டும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து 0.01 ஓம் தடை வந்தாலே 42 × 42 × 0.01, சுமார் 18 வாட் அந்த இடத்திலேயே சூடாகிவிடும். 230 வோல்ட் பக்கம் அதே 0.01 ஓம் இருந்தால் 0.03 வாட், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பேட்டரி வயர் ஏன் விரல் மொத்தத்தில் இருக்கிறது, அதை நீட்டி வேறு அறைக்குக் கொண்டுபோகாதே என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு வேறு பதில் தேவையில்லை.

சின்ன எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி. 12 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும். எல்இடி தனக்கு 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 10 வோல்ட். கரண்ட் 20 மில்லி ஆம்பியர் போதும், அதாவது 0.02 ஆம்பியர், 10 ÷ 0.02 = 500 ஓம். 20 என்றே போட்டு வகுத்தால் அரை ஓம் வரும், எல்இடி கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். மில்லியை ஆயிரத்தால் வகுத்துவிட்டுத்தான் சூத்திரத்துக்குள் விட வேண்டும். கடையில் 500 கிடைக்காது, 470 அல்லது 560. 560 போடுங்கள், 18 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 0.18 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். 470 என்றால் 0.21 வாட், அதுவும் தாங்கும், ஆனால் விளிம்பில்.

கடைசியாக, டாங் டெஸ்டரும் இல்லை மல்டிமீட்டரும் இல்லை என்பவர்களுக்கு. வாசலில் இருக்கும் மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் 3200 மாதிரி ஒரு எண்ணும் இம்பல்ஸ் என்ற குறிப்பும் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அர்த்தம், உங்கள் மீட்டரில் எண் வேறாக இருக்கலாம். வீட்டில் ஃப்ரிட்ஜ், ஃபேன், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்கள். போட்டவுடனே எண்ண வேண்டும், கொஞ்ச நேரம் போனால் தெர்மோஸ்டாட் வெட்டிவிடும். போனில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, ஒரு சிமிட்டலில் 'பூஜ்யம்' என்று ஆரம்பித்துப் பத்து வரை எண்ணுங்கள். எனக்கு 11.5 வினாடி வந்தது, ஒரு சிமிட்டலுக்கு 1.15 வினாடி. இனி கணக்கு: ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம், அதாவது 1000 × 3600 வினாடி = 36,00,000. அதை 3200 × 1.15 = 3680-ஆல் வகுக்க வேண்டும். 978 வாட். பல மீட்டர்களில் திரையில் வோல்டேஜும் மாறி மாறி வரும்; அது 228 என்றால் 978 ÷ 228 = 4.3 ஆம்பியர், 228 ÷ 4.3 = 53 ஓம். எந்த வயரையும் தொடாமல், முதலில் பாயிண்டில் அளந்து வந்த அதே எண்.